பழைய பெஞ்சை எடைக்குப் போடுமுன்

மும்பையில் ஜோகேஸ்வரிக்கு மேற்கே ஓஷிவாராவில் பழைய மரச்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சோர் பஜாரில் மட்டன் தெருவிலும் இத்தகைய கடைகள் உண்டு. பார்சி வீட்டு அலமாரி, வெள்ளைக்காரர் காலத்துச் சாய்வு நாற்காலி, ஈரானி ஓட்டலின் பளிங்கு மேசை இவற்றுக்கு இடையே இன்னொரு சரக்கும் கண்ணில் படுகிறது. அது பள்ளிக்கூடத்துப் பழைய டெஸ்க். சாய்வான பலகை, மைக்கூடு வைக்க வட்டமாக ஒரு துளை, பேனா உருண்டு விழாதிருக்க ஒரு பள்ளம், சிலவற்றில் வார்ப்பிரும்புக் கால். பலகையில் எந்தக் காலத்துப் பையனோ காம்பஸ் முனையால் கீறிய பெயர்கூட அப்படியே இருக்கும். வாங்குகிறவர்கள் அதன்மேல் பூந்தொட்டி வைக்கிறார்கள். புதிதாகத் திறக்கும் காப்பிக் கடைகளிலும் அது அலங்காரமாக நிற்கிறது.

பழம்பொருளை விரும்பி வாங்குவதில் குற்றம் காண்பது என் நோக்கமல்ல. நல்ல தேக்கு அடுப்புக்குப் போகாமல் யார் வீட்டிலாவது நிற்பது நல்லதே. என் கேள்வி வேறு. பிள்ளைகள் உட்காருவதற்கென்று செய்த ஒரு பொருள், எத்தனையோ பள்ளிகளில் பிள்ளைகள் இன்னும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்டில், எப்படிக் கழிவுச் சாமானாக வெளியே போகிறது?

போகும் வழி ரயில்வே குமாஸ்தா ஒருவனுக்குத் தெரியாததல்ல. சர்க்கார் இலாகா எதுவானாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கிய அன்று பெஞ்சு இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. அதன் முதுகில் ஓர் எண் எழுதப்படுகிறது. கால் ஆடத் தொடங்கினால் ஒரு மூலையில் போடுகிறார்கள். பிறகு கமிட்டி ஒன்று வந்து பார்த்து, 'உபயோகமற்றது' என்று எழுதிக் கையெழுத்திடுகிறது. இதையே ஆபீஸ் பேச்சில் 'கண்டம்' செய்வது என்கிறோம். உடைந்த விசிறி, துருப்பிடித்த பீரோ ஆகியவற்றோடு சேர்த்து அதை ஒரு 'லாட்' ஆக்கி ஏலம் விடுகிறார்கள். ரயில்வேயில் இன்று இந்த ஏலம் கம்ப்யூட்டர் மூலமே நடக்கிறது. ஆனால் நான் பார்த்த படிவம் எதிலும் ஒரு கேள்விக்கு இடம் இருந்ததில்லை: 'பழுது பார்த்தால் இது வேறு எங்கேனும் பயன்படுமா?'

ஆடுகிற காலுக்கு இரண்டு ஆணியும் ஒரு சட்டமும் போதும் என்ற நிலையிலேயே பல பெஞ்சுகள் கண்டம் ஆகின்றன. பழுது பார்க்கக் கூலி கொடுக்க ஒரு தலைப்பு வேண்டும், அனுமதி வேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். கண்டம் செய்வதற்குக் கையெழுத்துப் போதும். இந்த வித்தியாசம்தான் பெஞ்சைக் கடைத் தெருவுக்கு அனுப்புகிறது.

தரை மணல் மேசைக்கு ஏறியது

பள்ளிப் பெஞ்சுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

நம் திண்ணைப் பள்ளிகளில் பெஞ்சு கிடையாது. மணலைப் பரப்பி விரலால் எழுத்தைப் பழகினார்கள். கை தேறியபின் ஓலையும் எழுத்தாணியும் வந்தன. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதை ஆண்பிள்ளைகளுக்காக நடந்த விடுதிக்கு 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். கீழ் ஆசிரியர்கள் மனம் ஒப்பாதபோது, தேறிய பையனைக் கொண்டே மற்றப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். ஊர் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் தோன்றிய 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் நடக்கிறது.

அதே காலத்தில், 1798-ல், லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஓர் ஆசிரியர், சட்டாம்பிள்ளைகள் பலர். இந்தக் கூட்டத்தை அடக்கி நடத்த, குறுகலான நீண்ட பெஞ்சுகளும் டெஸ்க்குகளும் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன. முன்வரிசையில் எழுத்தறியாத குழந்தைகளுக்கு, ஓரம் உயர்த்திய மணல் மேசை. நம் தெருவில் தரையில் கிடந்த மணல் அங்கே மேசைமேல் ஏறிற்று. காகிதத்துக்கும் மைக்கும் காசில்லாத பிள்ளைக்கு அது கை கொடுத்தது.

அசையாத பெஞ்சு

அடுத்து வந்தது இரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வார்ப்பிரும்புக் கால் வைத்த டெஸ்க்குகள் ஆலைகளில் மொத்தமாகச் செய்யப்பட்டன. பின்பிள்ளையின் டெஸ்க்கும் முன்பிள்ளையின் ஆசனமும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். பல பள்ளிகளில் அவற்றைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். வரிசை கலையாது, சத்தம் இருக்காது, தலை எண்ணுவது சுலபம். எல்லாம் நடத்துகிறவரின் வசதி. உட்காருகிறவனின் வசதியைக் கேட்டவர் யாருமில்லை.

கேட்க முன்வந்தவர்கள் டாக்டர்கள். 1860-களில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மருத்துவர் ஃபார்னர் பள்ளி மேசை பற்றி நூல் எழுதினார். பிரெஸ்லாவ் நகரக் கண் மருத்துவர் ஹெர்மன் கோன் 10,060 பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, 1867-ல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை குறைவு. பட்டணத்து உயர்தரப் பள்ளிகளில், வகுப்பு ஏற ஏற அதிகம். மங்கிய வெளிச்சமும் பொருந்தாத டெஸ்க்கும் காரணம் என்றார். நெடுநேரம் கிட்டத்தில் பார்ப்பதும், வெயில் வெளிச்சத்தில் விளையாடாதிருப்பதும் இதில் பெரும்பங்கு வகிப்பதாக இன்றைய மருத்துவம் கருதுகிறது. ஆனாலும் அந்த டாக்டர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். பெஞ்சை அளப்பதற்கு முன் பிள்ளையை அளக்கச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்ன கணக்கு எளியது. உட்காரும்போது பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். தொடை பலகையில் சமமாகத் தங்க வேண்டும். தோளைத் தூக்காமல் முழங்கை மேசைமேல் இருக்க வேண்டும். எழுதும்போது முன்னே வளைந்து தொங்கக் கூடாது. இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். தையற்காரரின் நாடா ஒன்று போதும். நம் நாட்டிலும் பிள்ளையின் உயரத்தை ஒட்டிப் பள்ளி மேசை நாற்காலிகளுக்குத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறார்கள். எனினும் முதல் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அளவுப் பெஞ்சை வாங்கிப் போடும் பள்ளிகளுக்குக் குறைவில்லை. சிறுபிள்ளைகளின் கால் அந்தரத்தில் தொங்கும். அந்தக் காலை ஆட்டினால், 'ஆடாமல் உட்கார்' என்று அதட்டுவோம்.

திருகாணியைக் கழற்றியவர்களில் முக்கியமானவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ல் ரோம் நகரத்துச் சான் லோரன்சோ என்ற ஏழைப் பேட்டையில் அவர் குழந்தைகள் இல்லம் திறந்தபோது, குழந்தைகளே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான மேசையும் நாற்காலியும் செய்வித்தார். நாற்காலியைச் சத்தமின்றி எடுத்து வைப்பதும் ஒரு பாடம் என்றார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், யுத்தம் காரணமாக ஊர் திரும்ப இயலாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்து பணி செய்தார் என்பதை நம்மவர்கள் பெருமையுடன் நினைக்கலாம்.

இன்றும் இந்தப் பிரச்னை தீர்ந்தபாடில்லை. 2025-ல் ஒரு மலையாளத் திரைப்படத்தைக் கண்டு கேரளத்தில் சில பள்ளிகள் கடைசிப் பெஞ்சு என்பதே இல்லாதபடி வகுப்பை மாற்றி அமைத்தன. தமிழகத்திலும் 'ப' வடிவில் பிள்ளைகளை அமர்த்துவது பற்றி அவ்வாண்டு பேச்சும் மறுப்பும் எழுந்தன. யார் எங்கே உட்காருவது என்பது சின்ன விஷயமாக இருந்தால் இவ்வளவு பேர் பேசியிருக்க மாட்டார்கள்.

சாத்தாராவின் சாக்குத் துணி

அது சின்ன விஷயம் அல்ல என்பதற்கு நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மகாராஷ்டிர மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1900-ஆம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி சாத்தாரா சர்க்கார் பள்ளியில் ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் டாக்டர் அம்பேத்கர். அந்த நாளை மாணவர் தினமாகக் கொண்டாட 2017-ல் மாநில அரசு முடிவு செய்தது.

அந்தப் பள்ளியில் தாம் உட்கார்ந்த விதத்தை அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வகுப்பில் வாங்கிய இடத்துக்கு ஏற்ப மற்றவர்களோடு அவர் அமர முடியாது. தனியே ஒரு மூலை. உட்காரத் தனியாக ஒரு சாக்குத் துணி. பள்ளியைக் கூட்டும் வேலையாள்கூட அதைத் தொட மாட்டார். ஆகவே மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

படித்த பாடங்களையெல்லாம் தாண்டி, அந்தச் சாக்குத் துணி அவருக்கு நினைவிருந்தது. ஒரு பிள்ளைக்கு இவ்வுலகம் முதன்முதலாகக் கொடுக்கும் இடம் வகுப்பில் அது உட்காரும் இடம்தான். 'நீ இங்கே இருக்க வேண்டியவன்' என்று அந்த இடம் சொல்லும்; அல்லது, 'உனக்கு இது போதும்' என்று சொல்லும்.

தரையில் உட்காருவது நம் பண்பாடுதானே, அதில் என்ன இழிவு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆசிரியரும் தரையில் அமர்ந்து, எல்லாப் பிள்ளைக்கும் பாயும் எழுத ஒரு சாய்வுப் பலகையும் இருக்குமானால் இழிவு ஏதுமில்லை. கணக்கப்பிள்ளைகள் அப்படி அமர்ந்துதான் ஆயிரக்கணக்கில் வரவு செலவு எழுதினார்கள். ஆனால் இன்று நடப்பது அதுவா? ஆசிரியருக்கு நாற்காலி, பெரிய வகுப்புக்குப் பெஞ்சு, மிஞ்சிய சிறுபிள்ளைக்கு வெறும் தரை. மடியில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதும் அந்தப் பிள்ளை தன் இடத்தைத் தானே விரும்பித் தேர்ந்துகொள்ளவில்லை.

சண்டிகர் தந்த பாடம்

பழைய சாமானை மதிப்பறியாமல் தள்ளுவதற்குச் சண்டிகரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1950-களில் அந்த நகரம் எழுந்தபோது, கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் உறவினரான பியேர் ழான்னெரே அங்கேயே தங்கி, அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு மேசை நாற்காலிகள் வகுத்தார். நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரியும் இதில் பங்கு கொண்டார். செய்தவர்கள் அந்த வட்டாரத்துத் தச்சர்கள்.

ஆண்டுகள் சென்றன. பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. வழக்கம்போல் கண்டம் செய்து, குவியலாக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் சொற்ப விலைக்கு வாங்கிப் பழுது பார்த்து, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். ஒரு விந்தை: ஆபீஸ் குமாஸ்தா பெயிண்டால் நாற்காலியின் முதுகில் எழுதிய இருப்பு எண்தான், அது அசல் சரக்கு என்பதற்கு அங்கே அத்தாட்சி ஆயிற்று.

சட்டமும் கை கொடுக்கவில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி பொதுவாக நூறு ஆண்டு கடந்த பொருளே தொல்பொருள். 1950-களின் நாற்காலிக்கு அந்த வயது இல்லை. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குள் போனவை போய்விட்டன. எஞ்சியவற்றை எண்ணியபோதே பன்னிரண்டாயிரத்துக்கு மேல் தேறின.

எல்லாப் பள்ளிப் பெஞ்சும் சண்டிகர் நாற்காலி ஆகிவிடாது. அதில் லட்சம் தேட வேண்டியதும் இல்லை. கற்க வேண்டிய பாடம், கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது ஒன்றே.

இரண்டு அங்குலம்

மாற்றம் வராது என்று சோர்வடைபவர்களுக்கு ரயில்வேயிலிருந்தே ஒரு சங்கதி சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. வெறும் மரப்பலகையில் உட்கார்ந்து இரவு பகலாக ஜனங்கள் பயணம் செய்தார்கள். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போயிற்று, பலகை போகவில்லை. 1977-ல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைக்கும் இரண்டு அங்குல மெத்தை போட ஏற்பாடு செய்தார். ஏழைக்கும் முதுகு உண்டு என்பதை ரயில்வே ஒப்புக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனால் ஒப்புக்கொண்டபின் பழைய வழக்கத்துக்கு யாராலும் திரும்ப முடியவில்லை.

பள்ளிப் பிள்ளைக்கு அந்த இரண்டு அங்குலம் இன்னும் எழுத்தில் வரவில்லை. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆசிரியர் எண்ணிக்கை உண்டு. வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையலறை, மைதானம், சுற்றுச்சுவர், நூலகம், விளையாட்டுச் சாமான் எல்லாம் உண்டு. வரவேற்க வேண்டியவையே. பிள்ளை உட்கார ஓர் ஆசனம் என்று தனியாக ஒரு வரி மட்டும் அதில் இல்லை. ரயில் பெட்டியில் ஒவ்வொரு ஆசனத்துக்கும் எண் எழுதி, அந்த எண்ணை டிக்கெட்டில் அச்சடித்துக் கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, இந்த ஒரு வரி எழுதுவது பெரிய காரியமா?

ஆகவே என் யோசனைகள் நான்கு.

முதலாவது, பள்ளி மரச்சாமானைக் கண்டம் செய்யும் படிவத்தில், 'பழுது பார்க்க இயலுமா, அருகில் எந்தப் பள்ளிக்குத் தேவை' என்ற கேள்வி கட்டாயமாக இடம்பெற வேண்டும். விடை எழுதாமல் ஏலம் கூடாது. பழுதுச் செலவுக்குத் தலைமையாசிரியர் கையில் ஒரு சிறு தொகை இருக்கட்டும்.

இரண்டாவது, புதிதாக வாங்கும்போது பெஞ்சை எண்ணி வாங்கினால் போதாது; வகுப்புக்கு வகுப்பு பிள்ளைகளை அளந்து, இரண்டு மூன்று அளவிலாவது வாங்க வேண்டும். முதலில் சிறு வகுப்புக்கு, பிறகே பெரிய வகுப்புக்கு.

மூன்றாவது, ஐம்பது அறுபது ஆண்டு கண்ட பள்ளிகள், பழைய டெஸ்க் ஒன்றையாவது விற்காமல் வைத்துக்கொள்ளட்டும். எந்த ஆண்டு, என்ன மரம், யார் செய்தது என்று தெரிந்தவரை ஒரு அட்டையில் எழுதி மாட்டட்டும். சரித்திரத்தைக் காசு கொடுத்து ஓஷிவாராவில் தேட வேண்டாம்.

நான்காவது யோசனை நமக்கு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களின் பிள்ளைகள் பலர் அந்த வகுப்புகளில்தான் முதல் எழுத்தைக் கற்றார்கள். பிள்ளைகள் குறைந்து வகுப்புகள் இணைக்கப்படும் இடங்களில், 'அந்த அறையின் பெஞ்சுகள் எங்கே போகின்றன?' என்று கேட்க வேண்டியது நம் கடமை. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் அமைப்புகளுக்குக் குறைவில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பந்தல் போட நம்மால் முடிகிறது. தச்சுவேலை தெரிந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, பள்ளியின் அனுமதி பெற்று, ஆடுகிற பெஞ்சுகளுக்கு ஆணி அடித்துக் கொடுத்தால் என்ன? நன்கொடைப் பலகையில் பெயர் வராது. ஆனால் மறுநாள் காலை ஒரு பிள்ளை தரையை விட்டு எழுந்து பலகையில் உட்காரும்.

கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்கும் மனுக்கள் ஏராளம். அந்த மனுக்களில் இனி ஒரு வரி கூடட்டும்: பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அதன் கால் தரையில் படியும்படி, ஓர் ஆசனம்.